தலைவரே, கூடாரம் ரெடி

“அப்போ அவரு வரலைன்னா என்னைச் சேத்துக்க மாட்டாங்களா?”

மிளகு இதைக் கேட்டது அம்மாவிடம். அந்த ‘அவரு’ அதே மேஜையில், தண்ணீர் ஜக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாயில் போட்ட ரொட்டியை மெல்லாமல் காத்திருந்தார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் இந்த வீட்டில் அவருக்கான சேதி எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்வரும். எதிர்த்த வீட்டுக்குப் போக ஊரையே சுற்றுகிற பஸ் மாதிரி.

“மாட்டாங்களாம். வந்தா வீட்ல இருக்கற எல்லாரும் வரணும்னு அந்த சாரணர் கேப்டனம்மா ஃபோன்லயே கறாரா சொல்லிட்டாங்க.”

“நீயும் நானும் போதாதா?”

“எல்லாரும்னா எல்லாரும்தான்டி.”

மிளகு தட்டில் கிடந்த கடைசித் துண்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினாள். “சரி, வரச் சொல்லு,” என்றாள், வேண்டாத சொந்தத்தைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற தோரணையில்.

அவர் ரொட்டியை அப்படியே விழுங்கிவிட்டு, “வரேன்,” என்றார். தன்னிடம் யாரும் கேட்கவே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைசெய்கிற கட்டிடங்களில் எல்லாம் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கும், கீழே கிரீஸும் தூசியும் மண்டிய குழிக்கும் ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்த மனிதர். மிளகின் அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருக்கிறது. ஒருநாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட, உள்ளே தனியாக மாட்டிக்கொண்டவள் அவள். கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தே பயத்தைப் போக்கி வெளியே எடுத்தவர் இவர். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆனது. ஆகாத வாரங்களிலும் இவர் ‘சும்மா ஒரு செக்கிங்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். கண்ணாடிக் கடை முதலாளி கடைசியில், “இவரு லிஃப்ட்ட பாக்கறாரா, நம்ம கடைய பாக்கறாரா?” என்று கேட்கிற அளவுக்குப் போய்த்தான் கல்யாணம் முடிந்தது.

அவளுடைய முதல் கணவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு காய்ச்சலில் போய்விட்டிருந்தார். வாரத்தின் ஆரம்பத்தில் தலைவலி என்று படுத்தவர் வாரக்கடைசியில் இல்லை. மகளுக்கு மிளகு என்று பேர் வைத்தது அவர்தான். ஆள் சிறுசு, காரம் பெருசு. லிஃப்ட்காரர் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஆசையாக ஒரு தடவை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அம்மா பக்கம் திரும்பி, “அது எங்கப்பா கூப்பிடற பேருன்னு சொல்லு,” என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்லலாமென்றால் அதைச் சொல்லும்போது வாத்தியார் மாதிரி இருந்தது. அதனால் ஒரு வருஷமாக அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளும் அப்படியே. ஒரே கூரைக்குக் கீழே, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட வார்த்தை இல்லாத இரண்டு பேர்.

இப்படி இருக்கும்போதுதான் சாரணர் குழு வந்தது. அவருக்கு முடிச்சும் கூடாரமும் ஒரு பொருட்டா என்ன. இவள் வாயிலிருந்து தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதற்காக அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னாலும் நிற்பார்.

குழு கூடுவது ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில். ரப்பர் பாய் வாடை, கம்பி வலைக்குள் எரியும் விளக்கு, பேசினால் திரும்பி வந்து காதில் விழுகிற குரல். கேப்டன் என்று எல்லாரும் கூப்பிட்ட அம்மாள் மற்ற நாட்களில் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கழுத்தில் விசில் ஏறிவிடும். பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு ஷாப்பிங் போய்விடுகிற பெற்றோரைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் குடும்பமாக வந்தால் வாருங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று வைத்திருந்தாளாம். அதைவிட வேடிக்கை அவளுடைய இரண்டாவது விதி. ஒவ்வொரு குடும்பமும் ஓர் அணி. அந்த அணிக்குத் தலைவர் அந்த வீட்டுப் பிள்ளை. அப்பா அம்மா எல்லாம் சாதா உறுப்பினர்கள். பிள்ளை சொன்னால்தான் அசைய வேண்டும். அதற்கு ஈடாக, கட்டிய முடிச்சு, மூட்டிய அடுப்பு எல்லாவற்றையும் தலைவர் தானே போய்ப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும். ஏதாவது பிசகினால் எல்லாரும் வட்டமாக நிற்கும்போது தலைவர்தான் முன்னால் வந்து, என்ன பிசகியது, ஏன் பிசகியது என்று சொல்ல வேண்டும்.

“வீட்ல நீங்க ராஜாவா இருங்க, ராணியா இருங்க. இங்க அவங்க எந்திரின்னா எந்திரி, உக்காருன்னா உக்காரு,” என்றாள் கேப்டன். பக்கத்தில் நின்ற பல் டாக்டரை அவருடைய குட்டித் தலைவன் அந்த நிமிஷமே தவளை மாதிரி குதிக்கச் சொன்னான். குதித்தார் பாவம், தொப்பை வேறு.

அப்புறம் அறிமுகம். மிளகைப் பார்த்ததும் கேப்டன் முகம் மாறியது. அவளுடைய அப்பா இந்தக் குழுவுக்கு வருஷக்கணக்காக ஒத்தாசை செய்தவர். இவள் அவர் தோளில் உட்கார்ந்து முகாமுக்கு வருவாள். உறுப்பினராகும் வயசு வருவதற்குள் அவர் இல்லாமல் போய்விட்டார். கேப்டன் அவள் தலையைத் தடவிவிட்டு, லிஃப்ட்காரரைக் காட்டி இவர் யார் என்று கேட்டாள்.

“எங்கம்மாவோட வீட்டுக்காரர்,” என்றாள் மிளகு.

சுற்றி நின்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். லிஃப்ட்காரரே காப்பாற்றினார். “வீட்டுக்காரர்தாங்க. ஆனா வாடகை குடுக்கறதும் நான்தான்.” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்காமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சாயங்காலம் அவருக்கு ஒரு பரிசும் கிடைத்தது. தலைவரே! யாராலும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வார்த்தை. “தலைவரே, கயிறு எங்க வைக்கட்டும்?” “தலைவரே, தண்ணி வேணுமா?” வீட்டுக்கு வந்த பிறகும், பல் தேய்க்கும்போதுகூட, “தலைவரே, பேஸ்ட் தீந்துபோச்சு,” என்றார். மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுக்கவில்லை. அதுவே அவருக்கு ஊரை வாங்கின மாதிரி இருந்தது.

அவளோ தன் பக்கத்துச் சுவரில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை. முதலில், “அம்மா, அவர அந்த முடிச்சப் போடச் சொல்லு,” என்றாள். தலைவர் நேராகத்தான் சொல்ல வேண்டும் என்று கேப்டன் சொன்னதும் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். “அடுத்த ஆள் முடிச்சு போடலாம்.” “பை எடுத்துட்டு வரலாம்.” எல்லாம் காற்றைப் பார்த்துச் சொல்வது. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. அந்த அறிவிப்புக்கும் லிஃப்ட்காரர் ஓடி ஓடி வேலை செய்தார். முடிச்சு அவருக்குக் கைவந்த கலை. குழுவிலேயே இவர் போடுவதுதான் கச்சிதம் என்று கேப்டன் சொன்னபோது, மிளகு தன் ஷூவின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு முகாம். அதன் கடைசிக் காலையில் புது ஆட்கள் உறுதிமொழி எடுத்து, கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபை வாங்கிக்கொள்வார்கள். மிளகு காத்திருந்தது இதற்குத்தான். ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் அவளுடைய அப்பா கழுத்தில் இருப்பதும் அதே நிற ஸ்கார்ஃப்.

கூடாரத்தை அவரவர்தான் கொண்டுவர வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம் என்று மனைவி சொன்னபோது மிளகு, “அப்பா கூடாரம் இருக்கே,” என்றாள். பீரோவுக்கு மேலே, முரட்டுத் துணிப் பையில் இருந்தது அது. லிஃப்ட்காரர் இந்த வீட்டில் ஆணி அடித்தார், குழாய் மாற்றினார், கரப்பான் மருந்து அடித்தார். அந்தப் பையை மட்டும் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. இப்போது ஸ்டூல் போட்டு ஏறியபோது, கீழே நின்ற மிளகு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் ஊசி போடும்போது பார்க்கிற மாதிரி.

மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தார்கள். கனத்த பருத்தித் துணி. பூச்சி உருண்டை வாடை. ஒரு மூலையில் பழைய கிழிசல் ஒன்றை நீல நூலால், ஆண்பிள்ளைத் தையலாகப் பெரிசு பெரிசாகத் தைத்திருந்தது. கயிறுகளும் பருத்திதான், நன்றாகவே இருந்தன. தரையில் அடிக்கிற மர முளைகள் மட்டும் உளுத்துப்போய், அழுத்தினால் பொடியாகின.

லிஃப்ட்காரருக்கு இதுதான் வாய்ப்பு என்று பட்டது. பணிமனையில் கிடந்த நல்ல இரும்புக் கம்பியை எடுத்து, முழ நீளத்துக்கு வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்து, முனையை ராவி, யார் காலும் தடுக்கக் கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மிளகு ஒன்றை எடுத்து எடை பார்த்தாள். “நல்லா இருக்குன்னு சொல்லு,” என்றாள் அம்மாவிடம். மறுநாள் முழுக்க லிஃப்ட்காரர் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார். கூட வேலை செய்யும் ஹெல்பர், லாட்டரியா என்று கேட்டான்.

முகாம், ஊருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டிய புல்தரையில். போய் இறங்கியபோதே வானம் அழுக்குத் துணியை ஊறவைத்த வாளி மாதிரி இருந்தது. மற்ற குடும்பங்கள் நைலான் கூடாரங்களைக் குடை விரிக்கிற மாதிரி விரித்து முடித்துவிட்டார்கள். லிஃப்ட்காரர் மட்டும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு சம்மட்டியோடு இறங்கினார். இரும்பு முளைகளைத் தலை மட்டும் தெரியும்படி அடித்து இறக்கினார். கயிறுகளை இழுத்தார். எப்படி இழுத்தார் என்றால், அவருடைய தொழிலில் தொய்வு என்ற பேச்சே கிடையாது. லிஃப்டைத் தூக்கும் எஃகுக் கயிறுகளில் ஒன்று தளர்ந்தாலும் மற்றதெல்லாம் சுமை ஏறித் தேயும். அவற்றைத் தட்டிப் பார்த்து, ஒரே மாதிரி விறைப்பாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இந்தக் கூடாரத்துக்கும் அதே மரியாதையைச் செய்தார்.

“தலைவரே, கூடாரம் ரெடி.”

மிளகு சுற்றிவந்து பார்த்தாள். மூலைக் கயிறு ஒன்றில் விரலை வைத்துச் சுண்டினாள். டிங் என்றது. விரலை எடுக்காமல் வானத்தைப் பார்த்தாள். மறுபடி கயிற்றைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“சரியா இருக்கு,” என்றாள், நீர்த்தேக்கத்தைப் பார்த்து.

சரியாக இருக்கிறதாம்! அவள் அப்பாவின் கூடாரத்தைத் தான் கட்டி, அதை அவள் சரி என்றும் சொல்லியாகிவிட்டது. லிஃப்ட்காரர் வியர்வையைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாரும் தடம் பார்த்து நடக்கக் கிளம்பினார்கள். கல்லால் போட்ட அம்புக்குறி, கிளையில் கட்டிய துணி, இதையெல்லாம் தலைவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, பெரியவர்கள் பின்னால் போக வேண்டும். பாதி வழியில் மழை பிடித்தது. சும்மா இல்லை, வானத்தை யாரோ கவிழ்த்த மாதிரி. ஒரு பம்ப் அறையின் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். பல் டாக்டர் தன் தலைவனிடம், மழையை நிற்கச் சொல்லுங்கள் தலைவரே என்று கெஞ்ச, அவன் உண்மையாகவே வானத்தைப் பார்த்து உத்தரவு போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மிளகு சிரிக்கவில்லை. முகாம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். குளிருகிறதா என்று அம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மழை விட்டுத் திரும்பி வந்தபோது நைலான் கூடாரங்கள் எல்லாம் குளித்த பிள்ளைகள் மாதிரி பளபளவென்று நின்றன. இவர்களுடையது மட்டும் உச்சியிலிருந்து அடிவரை ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே இருந்த போர்வை, மாற்றுத்துணி எல்லாம் சேறு. சிவப்பு முளைகள் அடித்த இடத்தில் அப்படியே நின்றன. ஒன்றுகூட அசையவில்லை. அவற்றில் கட்டிய கயிறுகள் இரும்புக் கம்பி மாதிரி விறைத்திருந்தன.

மிளகு அழவில்லை. கிழிந்த இரண்டு ஓரத்தையும் எடுத்து ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தாள். விட்டதும் பிரிந்தது. மறுபடி சேர்த்தாள். நீல நூல் தையல் மட்டும் முழுசாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த துணிதான் போயிருந்தது.

கேப்டன் குனிந்து ஒரு கயிற்றை அழுத்திப் பார்த்தாள். “பருத்திக் கயிறுங்க. நனைஞ்சா சுருங்கி இழுக்கும். மழை வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே தளத்தி விட்றணும். சாதா முளையா இருந்தா பிடுங்கிட்டு வந்திருக்கும். கூடாரம் தொப்புன்னு விழும், நாலு பேரு சிரிப்போம், அவ்ளோதான். இந்த முளை விட்டுக்குடுக்கல. துணிதான் விட்டுக்குடுத்திருக்கு.” பிறகு மிளகின் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள், இவளுடைய அப்பா மேகம் கறுத்தாலே முதலில் கயிற்றைத் தளர்த்தத்தான் ஓடுவார் என்றும், இவளும் சின்னக் காலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முளையாக அவர் பின்னால் ஓடுவாள் என்றும்.

லிஃப்ட்காரர் காதிலும் அது விழுந்தது. குனிந்து ஒரு முளையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அந்த விரல். டிங். வானத்தைப் பார்த்தது. பிரிந்து மூடிய உதடு. இவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சரி என்றாள். முளை பிடுங்கிக்கொண்டு வரும், கூடாரம் தொப்பென்று விழும், அத்தனை பேர் முன்னால் இவர் முழிப்பார், சிரிப்பார்கள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். இவர் செய்த முளை இவ்வளவு பிடிவாதமாக நிற்கும் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்?

நிமிர்ந்தார். மிளகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, நேராக. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பம்ப் அறைத் தாழ்வாரத்தில் வட்டம் கூடியது. ஒவ்வொரு தலைவராக முன்னால் வந்து, அடுப்பு பற்றவில்லை, தம்பி அழுதான் என்று சொன்னார்கள். மிளகின் முறை வந்தது. முன்னால் போய் நின்றாள். கை இரண்டும் பக்கவாட்டில் விறைத்துக் கிடந்தன. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

“தலைவர் மேல தப்பில்லைங்க,” என்றார் லிஃப்ட்காரர், எழுந்து. “அவங்க கயிறு ரொம்ப டைட்டா இருக்கு, தளத்துங்கன்னு சொன்னாங்க. நான்தான் எனக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்.”

அவள் சட்டென்று திரும்பினாள். அவர் கேப்டனையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அந்த நிமிஷம் அவருக்கு இருந்தது, இல்லையென்று எப்படிச் சொல்வது? நெஞ்சு நிறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தன் தோளை அவர் தோளிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டது அப்புறம்தான் தெரிந்தது.

தலைவர் சொல் கேட்காதவருக்கு இந்த முறை உறுதிமொழி இல்லை என்று கேப்டன் சொன்னாள். வருத்தமாகத்தான் சொன்னாள். தாயும் மகளும் எடுக்கலாம், இவர் அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, ஈரப் புல்லில் புது ஆட்கள் வரிசையாக நின்றார்கள். லிஃப்ட்காரர் வரிசைக்கு வெளியே, எல்லாருடைய பைகளுக்கும் காவலாக. கேப்டன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். ‘என் சொல்லை நம்பலாம்’ என்று ஒரு வரி. மற்ற பிள்ளைகள் உரக்கக் கத்தினார்கள். மிளகு ‘என் சொல்லை’ என்றதோடு நின்றுவிட்டாள். கேப்டன் பொறுத்துப் பார்த்து, குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தானே மீதியைச் சொல்லி முடித்து ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டாள். பல் டாக்டர் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். லிஃப்ட்காரரும் தட்டினார். மிளகு ஸ்கார்ஃபின் முனையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

கூடாரத்தை எடுத்துக்கொண்டு மனைவி தையல்காரரிடம் போனாள். துணி நைந்துவிட்டது, தையல் நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை மறுபடி பைக்குள் மடித்து, அவளே ஸ்டூலில் ஏறி பீரோ மேல் வைத்தாள். லிஃப்ட்காரர் உதவிக்குக் கை நீட்டியபோது வேண்டாம் என்றாள். கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“தெரியாம செஞ்சிருந்தா பரவால்லைங்க. பிள்ள சொல்லியிருக்கு. சொன்னதுக்கப்புறமும் நீங்க கேக்கல. அவங்கப்பா சாமான் அது. இவ வாயத் தெறந்து உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாளான்னு நான் எத்தன நாள் காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லியிருக்கா. அதையும் நீங்க காதுல வாங்கல.”

அவர் என்ன சொல்வார்? அவள் சொல்லவே இல்லை என்றா? மனைவி கடைசியாகச் சொன்னது இன்னும் கனமாக இறங்கியது: “கொஞ்ச நாள் அவள அவ போக்குல விட்ருங்க. தலைவரே கிலைவரேன்னு பின்னாடி போகாதீங்க.”

சரி என்றார். போகவில்லை.

ஒருநாள் காலை. மனைவி கடை திறக்கப் போய்விட்டாள். லிஃப்ட்காரர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கருவிப் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பையோடு வாசல் வரை போன மிளகு திரும்பி வந்து கதவருகில் நின்றாள்.

“நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

அவர் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

“நான் சொல்லவே இல்ல. தெரிஞ்சுதான் சொல்லல. முளை பிடுங்கிட்டு வரும், எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்.”

“தெரியும்.”

“அப்பா கூடாரம்.” அவள் குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சி அதை ஒட்டவைத்துக்கொண்டாள். “வட்டத்துல நான் சொல்லத்தான் வந்தேன். நீங்க எந்திரிச்சு சொல்லிட்டீங்க. இப்ப அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?”

இந்த இடத்தில் அவர் யோசித்தார். நிறைய நேரம் இல்லை, ஆனால் யோசித்தார். சொன்னால் மனைவி முன்னால் தன் பேர் சுத்தமாகும். அது வேண்டியதுதான். சொன்னால் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு கிழிசல் விழும். அது வேண்டாம். இதெல்லாம் தலைக்குள் ஓடியது உண்மை. அதோடு இன்னொன்றும் ஓடியது. இவள் இப்போது கதவருகில் நின்று தன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். காற்றோடு இல்லை, அம்மா வழியாக இல்லை, தன்னோடு. ஏனென்றால் இதைப் பேச அவளுக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டால்?

“வேணாம்,” என்றார்.

“கேப்டன்கிட்டயாவது?”

“வேணாம்மா. போனது போகட்டும்.”

கனத்த மூட்டையைத் தூக்கிவந்தவளிடம் இறக்கிவைக்க இடமில்லை என்று சொன்ன மாதிரி, அவள் பள்ளிக்கூடப் பையை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து அவள் அவரோடு பேசுகிறாள். தினமும், அம்மா கிளம்பிப் போன பிறகு. பள்ளிக்கூடத்துக் கதை இல்லை, வேடிக்கைப் பேச்சு இல்லை. இது ஒன்றுதான். அம்மா ஏதாவது கேட்டாளா, கேப்டனுக்குச் சந்தேகம் வந்திருக்குமா, உறுதிமொழியைப் பாதியில் நிறுத்தினால் அது செல்லுமா. எல்லாம் அடிக்குரலில். அம்மா மறந்துபோன எதையோ எடுக்கத் திரும்பி வந்து சாவி போடுகிற சத்தம் கேட்டால் பேச்சு அப்படியே அறுந்துவிடும். சனிக்கிழமைகளில் ஸ்கார்ஃபைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொள்கிறாள். யார் கயிறு கட்டினாலும் தொட்டுப் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடுகிறாள். அம்மா முன்னால் இருவரும் பழையபடி ஊமை. அந்த ஊமைத்தனத்தைப் பார்த்து மனைவியின் முகம் இன்னும் இறுகுகிறது. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

லிஃப்ட்காரர் காலையில் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறார். கருவிப் பை தயாராகத்தான் இருக்கும். இருந்தாலும் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி அடுக்குவார், அவள் கதவருகில் வந்து நிற்கும் வரை. அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருப்பதை அவர் பார்க்காமல் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், “போய்ச் சொல்லிடு, நானும் கூட வரேன்,” என்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைக்கிறார். அவள் வந்து நின்று, “ஒண்ணு கேக்கணும்,” என்று தொடங்கியதும் எல்லாம் மறந்துபோகிறது.

எனக்கு இதுதான் பிடிபடவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு அவர் வேண்டாம் என்றது அவளுக்காகவா, தனக்காகவா? அந்தச் சமையலறைத் தரையில் நீங்கள் உட்கார்ந்திருந்து, அவள் உங்களிடம் வந்து கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள், சொல்லுங்களேன்?